லக்னோ சி.எம்.எஸ்.: ஒரே பள்ளியா, இருபது பள்ளிக்கூடமா?

மானக்நகர்வாசி:

தனியார் பள்ளிகள் ஏன் கிளைமேல் கிளை திறக்கின்றன என்று போன வாரம் இங்கே ஒரு சண்டை நடந்ததே, அதில் எல்லாரும் சென்னையையும் நாமக்கல்லையும் தாண்டவே இல்லை. மாணவர் எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரிய பள்ளி என்று கின்னஸ் ஏற்றுக்கொண்ட பள்ளி லக்னோவில் இருக்கிறது: சிட்டி மாண்டிசோரி ஸ்கூல், சுருக்கமாக சி.எம்.எஸ். அப்பாவுக்கு ரயில்வே ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை என்பதால் நான் வளர்ந்தது லக்னோ மானக் நகரில். நான் கேந்திரிய வித்யாலயா. தங்கைதான் சி.எம்.எஸ்.

கதை இதுதான். 1959-ல் ஜகதீஷ் காந்தி, பாரதி காந்தி தம்பதி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் 5 பிள்ளைகளை வைத்துத் தொடங்கினார்கள். கையில் இருந்தது கடன் வாங்கிய 300 ரூபாய். ஜகதீஷின் பிறப்புப் பெயர் அகர்வால். 1948-ல் காந்தி கொல்லப்பட்டபோது பள்ளிச் சிறுவனாக இருந்தவர், அதற்குப் பிறகு பெயரையே மாற்றிக்கொண்டார். லக்னோ பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர், 1969-ல் சுயேச்சை எம்.எல்.ஏ., எல்லா மதமும் ஒன்றே என்று சொல்கிற பஹாய் மார்க்கத்துக்கு 1974-ல் மாறியவர். பள்ளியில் வணக்கம் சொல்வதே 'ஜெய் ஜகத்' என்றுதான். 'உலகம் வெல்க' என்று அர்த்தம். வினோபா பாவே பரப்பிய முழக்கம் அது.

1999-ல் 22,000-க்கும் மேல் பிள்ளைகள். 2010-ல் கின்னஸ் கணக்கு 39,437. 2023-ல் 61,000-ஐத் தாண்டியாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்கள், எல்லாமே லக்னோவுக்குள். நடுவில் 2002-ல் யுனெஸ்கோவின் அமைதிக் கல்விப் பரிசும் வந்தது.

சாராயக் காசிலோ சீட்டுக் கம்பெனிக் காசிலோ கட்டிய பள்ளி இல்லை இது. வாத்தியார் குடும்பம் ஒன்று 65 வருஷத்தில் ஒரே ஊருக்குள் ஒரு பள்ளியை இவ்வளவு பெரிதாக்கியிருக்கிறது. இதைப் பாராட்டாமல் எதைப் பாராட்டுவது?

கணக்குவாத்தியார்:

"ஒரு பள்ளியை" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

61,000 பேருக்கு ஒரே மணி அடிக்குமா? காலையில் ஒரே மைதானத்தில் பிரேயருக்கு நிற்க முடியுமா? இருபது தலைமையாசிரியர்கள், இருபது வாசல்கள், இருபது வாட்ச்மேன்கள். இதற்குப் பெயர் பள்ளி இல்லை, நிர்வாகம். நான் 31 வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவன். அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் முதலாளி ஒருவர்தான், பள்ளிக் கல்வித் துறை. அந்தக் கணக்கில் பார்த்தால் உலகின் மிகப்பெரிய பள்ளி எங்கள் துறைதான். கின்னஸ்காரர்களை வரச் சொல்லுங்கள்.

90-களில் இந்தப் பட்டம் பிலிப்பைன்ஸில் பாசிக் நகரத்து ரிசால் உயர்நிலைப் பள்ளியிடம் இருந்தது. 1902-ல் தொடங்கிய அரசுப் பள்ளி, சுமார் 20,000 பிள்ளைகள். அது பெரிய பள்ளி என்றால் ஒப்புக்கொள்வேன்.

பாலிகஞ்ச்_குமரன்:

வாத்தியார் பிலிப்பைன்ஸ் வரைக்கும் போய்விட்டார், கொல்கத்தாவில் ஒரு நிமிஷம் இறங்கியிருக்கலாம் 🙂

ரிசாலுக்கு முன்னால் 1984 முதல் 1992 வரை கின்னஸில் இருந்தது எங்கள் சவுத் பாயிண்ட் பள்ளி. 1954-ல் சதிகாந்த குஹா தொடங்கினார். 80-களின் தொடக்கத்தில் 12,000-க்கும் மேல் பிள்ளைகள். அதற்காக ஊரெல்லாம் கிளை திறக்கவில்லை. காலையில் ஒரு ஷிஃப்ட், மத்தியானம் ஒரு ஷிஃப்ட். காலைப் பிள்ளை எழுந்து போன பெஞ்சில் மத்தியானப் பிள்ளை வந்து உட்காரும், பெஞ்சில் சூடு ஆறியிருக்காது. சின்ன வகுப்புகளுக்கு ஒரு கட்டடம், பெரிய வகுப்புகளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. பாலிகஞ்சில் குடியிருந்த காலத்தில் மதியம் அந்தத் தெருப்பக்கம் ஆட்டோ பிடிப்பதைப் பற்றி நாங்கள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

பெரிய பள்ளி ஆவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒரே இடத்தில் நேரத்தைப் பங்கு போட்டால் சவுத் பாயிண்ட், இடத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் சி.எம்.எஸ். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தது கின்னஸின் சௌகரியம்.

மானக்நகர்வாசி:

வாத்தியார் சார், துறை உதாரணம் சுவாரசியமாக இருக்கிறது, பொருந்தவில்லை. உங்கள் துறை ஒரு மாநிலம் முழுக்க. சி.எம்.எஸ். ஒரே ஊர். ஒரே சங்கம், ஸ்டேஷன் ரோட்டில் ஒரே தலைமை அலுவலகம், நிறுவனர் உயிரோடு இருந்தவரை எல்லாக் கிளைக்கும் ஒரே முகம்.

கிளை ஏன் திறந்தார்கள் என்பதை லக்னோவில் இருந்து பார்த்தால்தான் புரியும். 80-களில் அங்கே சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது சைக்கிள் ரிக்‌ஷாவில். சீட்டுக்கு எதிரே ஒரு பலகை போட்டு, எட்டு ஒன்பது பிள்ளைகளை எதிரும் புதிருமாக அடைத்து, பைகளைப் பின்னால் கொக்கியில் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். ஜனவரி மாசப் பனியில் பத்தடி தள்ளி வருகிற லாரி தெரியாது. என் தங்கையின் ரிக்‌ஷாக்காரர் ஹேண்டில்பாரில் ஒரு கையும் மணியில் ஒரு கையுமாகவே வருவார். அந்த ரிக்‌ஷா எவ்வளவு தூரம் போகும்? இரண்டு மைல், மிஞ்சினால் மூன்று. அதனால் இந்திரா நகர், அலிகஞ்ச், ராஜாஜிபுரம், கோமதி நகர் என்று புதுக் குடியிருப்பு முளைக்க முளைக்கக் கிளையும் கூடவே முளைத்தது. பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்காமல் பள்ளியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள்.

ஊரில் யாரும் "பையன் சி.எம்.எஸ்." என்று சொல்லிவிட்டு நிறுத்த மாட்டார்கள். "எந்த சி.எம்.எஸ்.? மகாநகரா, ஸ்டேஷன் ரோடா, கான்பூர் ரோடா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

கணக்குவாத்தியார்:

கடைசிப் பத்தியில் எனக்காக நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். நன்றி.

சேலத்து_சரவணன்:

ரெண்டு பேரும் பேர் வைக்கிற சண்டையிலேயே நில்லுங்க. நான் நர்சரி பிரைமரி பள்ளி நடத்துகிறவன், 14 வருஷமாக. பணம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன்.

நம் நாட்டில் பள்ளிக்கூடத்தை லாபத்துக்கு நடத்த முடியாது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ லாப நோக்கமில்லாத கம்பெனியாகவோதான் பதிய வேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொன்னதும் இதுதான்: கொள்ளை லாபம் கூடாது, ஆனால் விரிவாக்கத்துக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம். அதன் அர்த்தம் என்ன? வருஷக் கடைசியில் மிஞ்சுகிற பணத்தை நான் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, கட்டடம் கட்டலாம். மிஞ்சுவதைச் செலவழிக்கச் சட்டம் காட்டுகிற அகலமான கதவு விரிவாக்கம்தான். ஆகவே நன்றாக ஓடுகிற பள்ளிக்கு இன்னொரு பள்ளி பிறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கிளை திறக்கிற முறையும் ஒன்றுதான், சேலமோ லக்னோவோ. முதல் வருஷம் வாடகை வீடு, எல்.கே.ஜி. மட்டும். அந்தப் பிள்ளைகள் வளர வளர வருஷத்துக்கு ஒரு வகுப்பு மேலே ஏற்ற வேண்டியது. நாலாம் வருஷம் பக்கத்து மனையைப் பேச வேண்டியது. பத்தாம் வகுப்புக்கு முதல் செட் வரும்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அதுவரைக்கும் தாய்ப்பள்ளிதான் தாங்க வேண்டும். 300 ரூபாயில் தொடங்கி முதல் கிளை வரைக்கும் போவதுதான் கஷ்டம், அதற்கப்புறம் அது தன்னால் ஓடும். முதல் படியில் அந்தத் தம்பதி நின்று காட்டினார்கள் பாருங்கள், அதற்கு என் கும்பிடு.

நர்மதா_வழக்குரைஞர்:

சரவணன் அண்ணா சொன்ன சட்டம் சரி. ஆனால் அதே சட்டப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை இந்த இழையில் இதுவரை யாரும் திறக்கவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12(1)(சி): உதவி பெறாத தனியார் பள்ளியும் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சரி என்றது. 2015-ல் லக்னோ மாவட்ட நிர்வாகம் 31 பிள்ளைகளை சி.எம்.எஸ். இந்திரா நகர் கிளைக்கு ஒதுக்கியது. பள்ளி சேர்க்கவில்லை, வழக்கு நீதிமன்றம் போனது. இடம் இல்லை என்பது பள்ளி வைத்த வாதங்களில் ஒன்று. கடைசியில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு 13 பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது.

39,000, 61,000 என்று பிள்ளைகளை எண்ணிப் பெருமைப்படுகிற பள்ளி, 13 பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் 300 ரூபாய்க்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். யுனெஸ்கோ பரிசுக்கு ஒரு வரி கொடுத்தீர்கள், இதற்கு அரை வரி கூட இல்லை.

மானக்நகர்வாசி:

மேடம், மறைக்க வேண்டும் என்று விடவில்லை. என் இழையின் கேள்வி அது இல்லை.

ஆனால் கேட்டுவிட்டீர்கள். வழக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உத்தரப் பிரதேச அரசு இப்படிச் சேர்க்கிற ஒரு பிள்ளைக்கு மாசம் 450 ரூபாய்தான் பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. 2013-ல் நிர்ணயித்த தொகை. 450 ரூபாயில் லக்னோவில் ஒரு பிள்ளைக்கு ஸ்கூல் வேன் கூடக் கிடைக்காது.

சேலத்து_சரவணன்:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. எங்களுக்கும் இதே கதைதான், தொகை கொஞ்சம் அதிகம், ஆனால் வருவது எப்போது என்று ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும். கட்டணக் குழு ஒரு பக்கம் தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டணச் சட்டத்தைக் காட்டிக் கட்டணத்தைப் பூட்டிவிடும். இன்னொரு பக்கம் கால்வாசிப் பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய பணம் இழுத்தடிக்கும். டீச்சருக்குச் சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி கொடுத்தாக வேண்டும்.

நர்மதா_வழக்குரைஞர்:

பணம் போதவில்லை என்றால் தொகையை உயர்த்தக் கேட்டு வழக்கு போடலாமே. பிரிவு 12(2) ஒரு கணக்கைச் சொல்கிறது: அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, அல்லது அந்தப் பள்ளி வாங்கும் கட்டணம், இதில் எது குறைவோ அது. 450 ரூபாய் அந்தக் கணக்கில் வந்ததா என்று கேட்க எல்லா உரிமையும் பள்ளிகளுக்கு உண்டு. அந்தச் சண்டையில் நானே பள்ளி பக்கம் நிற்பேன். அரசோடு உள்ள கணக்கைப் பிள்ளையின் தலையில் தீர்க்கக் கூடாது.

அப்புறம் அந்த ரிக்‌ஷா விஷயம். மானக்நகர்வாசி, பள்ளியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள் என்று அழகாக எழுதினீர்கள். கட்டணம் கட்டுகிற குடியிருப்பின் பக்கத்தில், என்று முழுசாகச் சொல்லுங்கள். அந்தக் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்க வருகிறவர், காய்கறி வண்டி தள்ளுகிறவர், ரிக்‌ஷா ஓட்டுகிறவர், இவர்கள் எல்லாரும் அதே இரண்டு மைலுக்குள்தானே குடியிருக்கிறார்கள்? உங்கள் தங்கையை ஏற்றிக்கொண்டு போனவரின் பிள்ளைக்கும் அது அக்கம்பக்கப் பள்ளிதான். 12(1)(சி) பேசுவதே அந்தப் பிள்ளையைப் பற்றி.

கணக்குவாத்தியார்:

நர்மதா மேடம் பிடித்த நூலை நான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், இப்போது என் முதல் கேள்விக்கே வந்து நிற்கிறது.

கின்னஸுக்கு எழுதும்போது எல்லாக் கிளையும் சேர்ந்து ஒரே பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் ஒதுக்கும்போது ஒவ்வொரு கிளையும் தனிப் பள்ளி, தனி அக்கம்பக்கம், தனி காலியிடம். 61,000 பேர் படிக்கிற ஒரே பள்ளியில் 13 இடம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கிளையில் இல்லை என்று சொல்லலாம். எண்ணிக்கைக்கு ஒன்று, கடமைக்கு இருபது. கூட்டலுக்கு ஒரு விதி, கழித்தலுக்கு வேறு விதி என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை.

ஆகவே இது பேர் வைக்கிற சண்டை இல்லை, சரவணன்.

பாலிகஞ்ச்_குமரன்:

அடி பலம் 👏

மானக்நகர்வாசி:

வாத்தியார் சார், அது வாதத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கிளை கிளையாகப் பார்ப்பது சட்டம், பள்ளி கேட்டுக்கொண்ட சலுகை இல்லை. கான்பூர் ரோட்டில் காலியிடம் இருக்கிறது என்று இந்திரா நகர்ப் பிள்ளையை அங்கே போகச் சொன்னால், நர்மதா மேடமே 'அக்கம்பக்கம் எங்கே' என்று முதல் ஆளாகக் கேட்பார்.

நீங்கள் எல்லாரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். 1959-ல் லக்னோவில் நல்ல ஆங்கிலப் பள்ளி என்றால் எது? 1845-ல் தொடங்கிய லா மார்டினியர், 1872-ன் லொரேட்டோ கான்வென்ட், தாலுக்தார் என்கிற பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைகளுக்காக வைத்த கால்வின். லா மார்டினியர் அரண்மனையில் நடக்கிற பள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியாக இருந்த கிளாட் மார்ட்டின் என்கிற பிரெஞ்சுக்காரர் தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை, அவர் சமாதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. குமாஸ்தா பிள்ளை அந்தக் கேட்டைத் தாண்டுவது லேசா? அப்பா என்ன வேலை, அம்மா ஆங்கிலம் பேசுவாரா என்று பார்க்கிற காலம். என் அம்மாவுக்கு இந்தியே தட்டுத்தடுமாறித்தான் வரும். தங்கையைச் சேர்க்கப் போனபோது சி.எம்.எஸ்.ஸில் யாரும் அம்மாவை நேர்காணல் செய்யவில்லை. விண்ணப்பம், கட்டணம், புத்தகப் பட்டியல், அவ்வளவுதான். அந்தத் தலைமுறையில் ரயில்வே, தபால், மின்சார வாரியக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பது உள்ளே போனவர்களுக்குத் தெரியும்.

நர்மதா_வழக்குரைஞர்:

அதை நான் மறுக்கவே இல்லை. அந்தப் பழைய பள்ளிகளின் கேட்டைத் தாண்ட முடியாதவர்களுக்குக் கதவு திறந்த பள்ளி, அடுத்த தலைமுறையில் தானே கேட் போட்டுக்கொண்டது. அதைத்தான் சொல்கிறேன்.

அடையாறு_ஆலமரம்:

புதுசாக நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பால்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள்.

இவ்வளவு பேசியும் மாண்டிசோரி பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, அது பள்ளியின் பெயரிலேயே இருந்தும்! அந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறில் பிரம்மஞான சபைக்கு வந்து இறங்கினார். இத்தாலியும் போரில் இறங்கியதும், இத்தாலிக்காரர் என்பதால் நாட்டை விட்டுப் போக முடியாமல் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. கோடைக்கானலில் கொஞ்ச காலம். போவதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். 50-களில் வட இந்தியாவில் கூட ஊருக்கு ஊர் இந்தப் பெயரில் பள்ளி திறந்ததற்கு அந்த அலைதான் காரணம்.

அந்த முறையில் ஆசிரியை பின்னால் நிற்க வேண்டும். பிள்ளை தரையில் பாயை விரித்து, தானே ஒரு பொருளை எடுத்து, அலுக்கிற வரை திரும்பத் திரும்பச் செய்யும். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருக்கும். இதை 30 பிள்ளைகள் இருக்கிற அறையில் செய்யலாம். ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. தேர்வு வரைக்கும் வகுப்பு வாரியாகப் பிரித்து, மதிப்பெண் எடுத்தவர்களின் படத்தைப் பேப்பரில் விளம்பரமாகப் போடுகிற பள்ளி எந்த ஊரில் இருந்தாலும், மாண்டிசோரி அங்கே மழலையர் வகுப்போடு நின்றுவிடுகிறார். சி.எம்.எஸ். மட்டும் குற்றவாளி இல்லை, ஆனால் உலகத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு அதுதான்.

சேலத்து_சரவணன்:

அக்கா, மாண்டிசோரி சாமான் ஒரு முழு செட் என்ன விலை தெரியுமா? அந்த இளஞ்சிவப்புக் கட்டைகளை வாங்கின கையோடு அலமாரியில் பூட்டி வைத்து, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பள்ளி எனக்கு மூன்று தெரியும். பேர் சொல்ல மாட்டேன் 😄

அடையாறு_ஆலமரம்:

எனக்கு முப்பது தெரியும்.

பாலிகஞ்ச்_குமரன்:

மறுபடி கிளை விஷயத்துக்கு வருவோம். மானக்நகர்வாசி பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கே ஆச்சரியம்.

இந்தியாவில் பள்ளிகள் பரவிய விதங்களைப் பாருங்கள். டி.ஏ.வி. 1886-ல் லாகூரில் ஒரே பள்ளியாகத் தொடங்கியது. லாலா ஹன்ஸ்ராஜ் சம்பளம் வாங்காமல் தலைமையாசிரியராக இருந்தார். இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில். லாகூரிலேயே இல்லை, பிரிவினையோடு போய்விட்டது. டெல்லி பப்ளிக் ஸ்கூல் 1949-ல் மதுரா ரோட்டில் தொடங்கியது. சங்கம் நேரடியாக நடத்துவது சில பள்ளிகள்தான், மற்ற இருநூற்றுச் சொச்சம் பெயரை வாங்கிக்கொண்டு உள்ளூர் முதலாளி நடத்துபவை. இரண்டிலும் நிறுவனப் பெயர் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

சி.எம்.எஸ். அப்படிப் போகவில்லை. பெயரை விற்றிருந்தால் கான்பூர், வாரணாசி, அலகாபாத் என்று ஒரே வருஷத்தில் பரப்பியிருக்கலாம், உட்கார்ந்த இடத்தில் பணம் வந்திருக்கும். 65 வருஷமாக ஒரே ஊர் எல்லைக்குள் நின்றதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். நிறுவனர் காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் எந்தக் கிளைக்கும் போய் நிற்க முடியும். லாகூர் ஹன்ஸ்ராஜாலோ டெல்லிச் சங்கத்தாலோ அது முடியாது. 'ஒரே பள்ளி' என்பதற்கு உருப்படியான வாதம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கணக்குவாத்தியார்:

நல்ல வாதம். ஆனால் அது பள்ளி ஒன்று என்று நிரூபிக்கவில்லை, நிறுவனர் ஒருவர் என்றுதான் நிரூபிக்கிறது.

இன்னொரு சந்தேகம். 2001 முதல் இந்தப் பள்ளி வருஷா வருஷம் உலக நாடுகளின் தலைமை நீதிபதிகளை அழைத்து மாநாடு நடத்துகிறது. அரசியல் சட்டத்தின் 51ஆம் பிரிவு, உலக அமைதி என்று. பிள்ளைகள் கொடி பிடித்து வரவேற்கிறார்கள். இத்தனை செலவு, இத்தனை நீதிபதிகள், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதற்கு?

நர்மதா_வழக்குரைஞர்:

சார், அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு வாசனை அடிக்கிறது, அதை நான் ஏற்க மாட்டேன். மாநாடு நடத்துவதால் நீதிமன்றத்தில் சலுகை கிடைத்தது என்று சொல்ல வருகிறீர்கள் என்றால், நடந்தது அதற்கு நேர் எதிர். மாநாடு பதினைந்து வருஷம் நடந்து முடிந்த நிலையில்தான் அந்த 13 பிள்ளைகள் வழக்கில் பள்ளி தோற்றது.

51ஆம் பிரிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். என் ஆதங்கமெல்லாம் 21ஏ பிரிவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்பதுதான். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்பது அதில் இருக்கிறது.

மட்டுறுத்துநர்:

இதற்குக் கீழே வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உத்தரப் பிரதேச அரசியல் கட்சிகளுக்கு வேறு இழை இருக்கிறது. மதத்தை வைத்து நிறுவனரைத் திட்டுவது எந்த இழையிலும் கூடாது.

மானக்நகர்வாசி:

நன்றி.

வாத்தியார் சார் கேட்ட 'எதற்கு' என்பதற்கு என் பதில்: நிறுவனருக்கு அது நம்பிக்கை. உலக அரசாங்கம், உலக நாடாளுமன்றம் என்று மேடைக்கு மேடை பேசுவார். ஊரில் சிலர் சிரிப்பார்கள். எனக்கும் பதினைந்து வயதில் சிரிப்புத்தான். ஆனால் என் தங்கைக்குப் பன்னிரண்டு வயதில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு ஒரே முகாமில் தங்கக் கிடைத்தது. ரயில்வே காலனியில் வேறு யாருக்கும் அந்த வயதில் பாஸ்போர்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அதை வெறும் விளம்பரம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, இங்கே யாரும் தொடாதது. இந்தத் தம்பதியின் மகள் கீதா காந்தி கிங்டன் லண்டனில் கல்விப் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். 90-களில் லக்னோப் பள்ளிகளையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, உதவி பெறாத தனியார் பள்ளிகள் குறைந்த செலவில் அதிகம் கற்றுத் தருகின்றன என்று எழுதினார். பள்ளிக் குடும்பத்துக்குள்ளேயே இப்படி ஒரு ஆராய்ச்சியாளர் வருவது வேறு எங்கே நடந்திருக்கிறது?

கணக்குவாத்தியார்:

அதில்தான் எனக்குக் கூச்சம். ஆராய்ச்சி சரியா தப்பா என்று நான் சொல்லவில்லை, அவர் முறையான கல்வியாளர். ஆனால் தனியார் பள்ளி சிறந்தது என்ற முடிவு, நாட்டிலேயே பெரிய தனியார் பள்ளியின் வீட்டிலிருந்து வரும்போது, படிக்கிறவன் முகவரியையும் பார்த்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். நாளைக்கு என் மகன் அரசுப் பள்ளியே சிறந்தது என்று ஆராய்ச்சி எழுதினால் நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள், பார்க்கவும் வேண்டும்.

செலவு குறைவு என்கிற பகுதிக்கு மட்டும் ஒரு வார்த்தை. தனியார் பள்ளியில் செலவு ஏன் குறைகிறது? ஆசிரியர் சம்பளம் குறைவு. சரவணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சேலத்து_சரவணன்:

கோபமே இல்லை சார். என் பள்ளி டீச்சருக்கு அரசுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் நான் கட்டணத்தை நாலு மடங்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் கட்டணக் குழு விடாது, பெற்றோரும் விடமாட்டார்கள். லக்னோவிலும் 2018-லிருந்து கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது: விலைவாசிக் குறியீட்டு உயர்வோடு 5 விழுக்காடு, அதற்கு மேல் ஏற்ற முடியாது. பெரிய பள்ளி சமாளித்துவிடும். ஒரு கிளையில் இடிக்கிறதை இன்னொரு கிளை தாங்கும். ஒற்றைப் பள்ளி வைத்திருக்கிற என்னைப் போன்றவன்தான் கடையை மூடுவான். சட்டம் கெடுபிடியாக ஆக, கிளை வைத்திருக்கிறவன்தான் பிழைப்பான். இதையும் உங்கள் வரலாற்றில் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி.

பாலிகஞ்ச்_குமரன்:

ஒரு கேள்வி மிச்சம். ஜகதீஷ் காந்தி 2024 ஜனவரியில் காலமானார். நான் மேலே சொன்ன 'சாயங்காலத்துக்குள் எந்தக் கிளைக்கும் போய் நிற்கிற நிறுவனர்' இப்போது இல்லை. என் வாதத்தின் பாதிக் கால் அவரோடு போய்விட்டது. மானக்நகர்வாசி என்ன சொல்கிறார்?

மானக்நகர்வாசி:

குடும்பம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஸ்டேஷன் ரோடு அலுவலகம் இருக்கிறது. இந்த வருஷம் சேர்ந்த எல்.கே.ஜி. பிள்ளைக்கு நிறுவனர் சுவரில் இருக்கிற படம்தான், சரி. லா மார்டினியர்க்காரர்களும் கிளாட் மார்ட்டினைப் பார்த்ததில்லை, அவர் 1800-லேயே போய்விட்டார். பள்ளி நடக்கத்தானே செய்கிறது?

கணக்குவாத்தியார்:

நடக்கும். ஒன்றாக நடக்குமா என்பதுதான் கேள்வி. ஐ.சி.எஸ்.இ. தேர்வு நடத்துகிற கவுன்சிலின் பள்ளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கோமதி நகர் ஒரு பள்ளி, அலிகஞ்ச் ஒரு பள்ளி, மகாநகர் ஒரு பள்ளி என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் உங்கள் தங்கையின் கிளைப் பெயர் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

மானக்நகர்வாசி:

தங்கையிடம் கேட்டேன் சார். சான்றிதழ் பீரோவில் எங்கேயோ இருக்கிறதாம். கிளைப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, நாங்கள் எல்லாரும் சி.எம்.எஸ்.தான் என்று சொல்லிவிட்டாள். அவளையும் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், மீதியை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நர்மதா_வழக்குரைஞர்:

வரட்டும். வந்ததும் முதலில் நான் கேட்பது, அவர் வகுப்பில் ரிக்‌ஷாக்காரர் பிள்ளை எத்தனை பேர் இருந்தார்கள் என்று.